மெத்தைக்குப் பின்னால் இருந்த ஓதம்

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் முடி நரைக்கும்வரை பேருந்து ஓட்டியவள் நோரீன் பிளெங்கின். இரட்டை மாடிப் பேருந்தை மழையிலும் பனியிலும் சந்து சந்தாக வளைத்துத் திருப்பியவளிடம், பழைய வண்டி விற்க நிற்கும் ஒருவன் சொல்கிறான்: "கிளட்ச் கொஞ்சம் கெட்டி, கண்ணு. உங்க வீட்டுக்காரர் ஓட்டிப் பாக்கட்டும்." அவன் கை காட்டியது அவளுடைய அக்கா கணவர் கிளிஃபை. கிளிஃபுக்கு ஓட்டத் தெரிந்தது புல் வெட்டும் எந்திரம் ஒன்றுதான். அதையும் போன வருடம் ரோஜாச் செடிமேல் ஏற்றிவிட்டார்.

நோரீனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "அவர் என் வீட்டுக்காரர் இல்ல. அவருக்கு லைசென்ஸும் இல்ல" என்று சொல்லிவிட்டு, வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பி நடந்தாள். டிரிஃபீல்ட் ஊரின் அந்த ஆள், பின்னால் வந்த கிளிஃபிடம் "என்ன, கோவமா?" என்று கேட்டானாம்.

அடுத்தடுத்துப் பார்க்கப் போன இடங்களிலும் இதே கதைதான். எஞ்சினைத் திறந்தால் விளக்கம் கிளிஃபுக்கு. கிளிஃபும் கோவிலில் பிரசங்கம் கேட்பதுபோலத் தலையாட்டுவார். அவளுக்குக் காட்டியதெல்லாம் அடுப்பும் திரைச்சீலையும்தான். இந்தக் காலத்திலும் இப்படியா என்று கேட்காதீர்கள். எந்தக் காலத்திலும் இப்படித்தான்.

அவள் தேடியது வீட்டு வண்டி. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும், ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகலாம். புதிது வாங்க வக்கில்லை. ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணம் ஒரு பழைய வண்டிக்குக் காணும், அது தீர்ந்தால் வேறு இல்லை. அதுவும் தனக்காக இல்லை, அக்கா ஏவ்ரிலுக்காக. ஏவ்ரிலுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மூச்சுக்கு உதவும் எந்திரம் கூடவே வரவேண்டும், விடுதிப் படிகளில் ஏற முடியாது. ஆனால் ஸ்காட்லாந்தின் வட கோடியில் தரை முடிந்து வெறும் கடலாகும் இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "இந்தக் கோடையிலயே போய்ட்டு வந்துடுங்க. அடுத்த வருஷம்னு தள்ளிப் போடாதீங்க. ஓதமும் பூஞ்சணமும் இருக்கற இடத்துல மட்டும் படுக்க வைக்காதீங்க, அவங்க நெஞ்சு தாங்காது."

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த டிரெவர் வேறு தலையில் அடித்தாற்போலச் சொல்லி அனுப்பியிருந்தார். "எஞ்சினைப் பத்தி உனக்கு நான் பாடம் நடத்த வேண்டாம் நோரீன். ஆனா நீ வாங்கறது பஸ் இல்ல, வீடு. பழசானா ஜன்னல் ஓரமாத் தண்ணி இறங்கும். சுவருக்குள்ள மரம் உளுத்துப்போச்சுன்னா அதோட கதை முடிஞ்சுது. மெத்தையத் தூக்கு. மூலையக் கட்டைவிரலால அழுத்து. அலமாரிக்குள்ள தலைய விட்டு மோந்து பாரு. வெக்கப்படாத."

"நான் எதுக்கு வெக்கப்படப் போறேன்?" என்றாள் நோரீன்.

கடைசியில் ஹார்ன்ஸீ கடற்கரைப் பக்கம் ரோலண்ட் ஸ்டாதர்ஸ் என்பவரிடம் ஒரு வண்டி இருப்பதாகத் தெரிந்து, தொலைபேசியில் பேசிவிட்டு, மூவரும் நோரீனின் சின்னக் காரில் போனார்கள். ஸ்டாதர்ஸ் வெள்ளைமீசைக்காரர். வாசலிலேயே நின்றிருந்தார். கிளிஃபைத் தாண்டி வந்து, நேராக நோரீன் கையில் சாவியை வைத்தார்.

"நீங்கதானே ஓட்டப் போறீங்க மிஸஸ் பிளெங்கின்? எஞ்சினைத் தொட்டுப் பாருங்க. நீங்க வர்றவரைக்கும் ஸ்டார்ட்டே பண்ணல, ஆறின எஞ்சின்லதானே குறை தெரியும்."

அவ்வளவுதான், நோரீன் விழுந்துவிட்டாள். அத்தனை இடத்திலும் அவமானப்பட்டு வந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஆனால் எஞ்சின் விஷயத்தில் அவள் ஏமாறவில்லை. டார்ச் அடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துத் துரு பார்த்தாள். எண்ணெய் பார்த்தாள், டயரின் வயதைப் பார்த்தாள், பெல்ட் எப்போது மாற்றியது என்று குடைந்தாள். கடலோரச் சாலையில் ஓட்டிப் பார்த்தாள். பக்கத்தில் அமர்ந்திருந்த ஏவ்ரில் சாலையைப் பார்க்கவில்லை, தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

திரும்பி வந்தபோது வண்டியின் வீட்டுப் பகுதியில் மேசை போட்டிருந்தது. ஸ்டாதர்ஸின் மனைவி டெனீஸ் பூப்போட்ட விரிப்பு விரித்து, டீ ஆறாமலிருக்கக் கெட்டிலுக்குக் கம்பளிக் குல்லாய் மாட்டி, ஸ்கோன் என்ற சூடான குட்டி ரொட்டிகளும் ஜாமும் வைத்திருந்தாள். "செருப்பை மட்டும் வெளிய விட்டுடுங்க, கம்பளம் புதுசு" என்றாள். வெனிலா வாசனை மெழுகுவத்தி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பின்மூலையில் கையால் பூத்தையல் போட்ட தலையணைகள் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கி இருந்தன. ஏவ்ரில் அதில்தான் சாய்ந்து உட்கார்ந்தாள்.

டிரெவர் சொன்னதெல்லாம் நோரீனுக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்து என்ன செய்ய? ஒருத்தி சுட்ட ஸ்கோனை வாயில் வைத்துக்கொண்டு, அவள் தைத்த தலையணையை இழுத்துப் போட்டு, அவள் வீட்டுச் சுவரை எப்படி அழுத்துவது? அவசரத்துக்கு முட்டிக்கொண்டு வந்தாலும் அடுத்தவர் வீட்டுக் குளியலறை எங்கே என்று கேட்க இரண்டு தடவை யோசிக்கிற ஜனங்கள் நாங்கள். 'எல்லாத்தையும் திறந்து பாருங்க' என்று டெனீஸ் உபசரித்தாள். 'பரவாயில்ல, பரவாயில்ல' என்று நோரீன் மறுத்தாள். பார்க்கச் சொல்லியும் பார்க்காமல் இருப்பதுதான் இங்கே மரியாதை. அந்த மரியாதையை எந்தக் குப்பையில் கொண்டுபோய்ப் போடுவது!

கிளிஃப் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "மழைல ஒழுகாதே?"

"ஒரு சொட்டு கூட உள்ள வராது தலைவரே. பேச்சுக்கே இடமில்ல."

நோரீன் எழுந்து கை நீட்டினாள். ஸ்டாதர்ஸ் அதைப் பிடித்துக் குலுக்கினார். இந்தப் பக்கத்தில் கை குலுக்கிவிட்டால் முடிந்தது. பணம் வங்கி திறந்ததும் போகும், அதெல்லாம் சும்மா ஒப்புக்கு. பேச்சுத் தப்பினவள் என்று பெயர் வாங்கினால் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

ஊருக்குத் திரும்பும் வழியில், ஹார்ன்ஸீ எல்லை தாண்டியதுமே ஏவ்ரிலுக்கு இருமல் பிடித்தது. சாதாரண இருமல் இல்லை. நோரீன் காரை ஓரம் கட்டினாள். கதவைத் திறந்துவிட்டு, எந்திரத்தை மாட்டி, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். ஏவ்ரிலின் உதடு நீலம் மாறிச் சிவப்புக்கு வர வெகு நேரம் ஆயிற்று.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் நோரீன்.

ஏவ்ரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏவ்ரில், எப்பலேர்ந்துன்னு கேக்கறேன்."

"உள்ள உக்காந்ததுலேர்ந்து. டீயக் குடிச்சுக் குடிச்சு அடக்கிட்டே இருந்தேன்."

"வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"அவங்க அவ்வளவு ஆசையா ஸ்கோன் போட்டு வச்சிருக்காங்க. மூஞ்சிக்கு நேரா இருமினா நல்லாவா இருக்கும்?" ஏவ்ரில் மூச்சு வாங்கினாள். "அதோட, நீ ஸ்டியரிங்கப் பிடிச்சப்ப உன் மூஞ்சியப் பாத்தேன் நோரி. நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்தே நாளாச்சு. அதைக் கெடுக்க மனசு வரல."

"என் மூஞ்சி என்னடி பெரிய மூஞ்சி! உன் நெஞ்சுக்காகத்தானே இந்தச் சனியனையே வாங்கறேன்! அதுல படுத்து நீ போய்ச் சேந்துட்டா, நான் யார் கூட உக்காந்து சிரிக்கறது?"

பின்சீட்டிலிருந்து கிளிஃப் மெல்ல வாயெடுத்தார். "அந்த வெனிலாவுக்கு அடியில வேற ஒரு வாடை... ஈரக் கோணி மாதிரி... எனக்கும் வந்துச்சு."

"உனக்குமா!"

"நீ ஒண்ணும் சொல்லல. சரி, நமக்கு எதுக்குன்னு..."

மூன்று பேர், மூன்று மூக்கு. நோரீன் மூக்கிலும் அந்த வாடை லேசாகப் பட்டதுதான்; மூன்றும் மோந்தது. ஒரு வாயும் திறக்கவில்லை. நோரீனுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. காரை அங்கேயே திருப்பினாள். "கை குடுத்தாச்சே" என்றார் கிளிஃப். "கொஞ்சம் வாய மூடறியா" என்றாள்.

அவர்கள் போய் நின்றபோது வண்டியின் ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. மெழுகுவத்தி அணைந்திருந்தது. ஸ்டாதர்ஸ் கொட்டகையிலிருந்து ஒரு எந்திரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வண்டிப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற எந்திரம். எதற்கு என்று அவர் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

"உங்களுக்காகத்தான் கண்ணு" என்றார், முகம் வெளுத்துப்போய். "நல்லா உலர்ந்தாப்ல இருக்கட்டுமேன்னு..."

காலையில் மிஸஸ் பிளெங்கின். இப்போது கண்ணு.

நோரீன் செருப்பைக் கழற்றவில்லை. புதுக் கம்பளத்தில் மிதித்துக்கொண்டே உள்ளே போய்த் தலையணைகளை ஒவ்வொன்றாக வெளியே புல்லில் எறிந்தாள். மெத்தையை உருவினாள். பின்னால் சுவர் பழுப்பேறிக் கறுப்புப் புள்ளி பூத்து இருந்தது. ஜன்னல் ஓரத்தில் மட்டும் ஒழுகலை அடைத்த புத்தம்புதுப் பசை. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். டீயில் ஊறிய பிஸ்கட்டுக்குள் போவதுபோல விரல் உள்ளே போயிற்று.

"எங்க வீட்டு ஸ்கோனைத் தின்னுட்டு இப்படிப் பண்றீங்களே!" என்று படியில் நின்று கத்தினாள் டெனீஸ்.

"கை குடுத்துட்டீங்க" என்றார் ஸ்டாதர்ஸ். "இந்த ஊர்ல கை குடுத்தா குடுத்ததுதான்."

"ஒழுகாதுன்னு சொல்லித்தானே என் கையப் பிடிச்சீங்க? பாருங்க, அதே கைதான்." விரலை அவர் மீசைக்கு நேராக நீட்டினாள். நுனியில் ஈரமரத்தூள் ஒட்டியிருந்தது. "கார்ல உக்காந்திருக்கா பாருங்க, எங்க அக்கா. இதுக்குள்ளதான் அவளப் படுக்கப் போட்டிருப்பேன்."

டெனீஸுக்கு அழுகை வந்துவிட்டது. "நாங்க வாங்கினப்ப எங்களுக்கு மட்டும் யார் சொன்னா? எங்களுக்கு வித்த அம்மாவும் டீ போட்டுக் குடுத்தாங்க, கேக் வச்சாங்க. நாங்களும் தூக்கிப் பாக்கல. எங்க சேமிப்பெல்லாம் இதுலதான் போச்சு."

நோரீனுக்கு ஒரு நொடி இரக்கம் வந்தது, உண்மைதான். அடுத்த நொடி அதைவிடப் பெரிய கோபம் வந்தது.

"அப்ப, ஏமாந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஸ்கோன் சுட்டிருக்கீங்க."

சொல்லிவிட்டு இறங்கிக் காருக்கு நடந்தாள். புல்லில் கிடந்த தலையணைகளை எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

மறுநாள் அக்காவையும் கிளிஃபையும் கூட்டிக்கொண்டு மறுபடி டிரிஃபீல்டுக்குப் போனாள். அவளை மதிக்காத ஆளிடம் திரும்பிப் போவதை நினைத்தாலே கசந்தது. ஆனால் அன்று அவள் பார்த்தது ஆளைத்தான், வண்டியை இல்லை. ஹார்ன்ஸீயிலும் ஆளைப் பார்த்துத்தானே வண்டிக்குக் கை கொடுத்தாள்?

"வாங்க கண்ணு. வீட்டுக்காரர் மனசு மாறிட்டாரா?" என்றான் அவன். டீ வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு அடியில் படுத்தாள், ஓட்டினாள். கிளட்ச் கெட்டிதான், அவள் காலுக்கு அது பழக்கம். பிறகு மெத்தை முழுவதையும் இழுத்து வெளியே போட்டாள். ஒவ்வொரு மூலையாக அழுத்தினாள். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்தாள். "என்ன இது, போலீஸ் சோதனை மாதிரி!" என்றான் அவன். சுவர் எங்கேயும் உள்ளே அமுங்கவில்லை.

ஏவ்ரிலைப் பின்மூலையில் உட்கார வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்தினாள். எதிரே தானும் உட்கார்ந்தாள். ஏவ்ரில் இருமாமல் இருந்தாள்.

"அடக்கறியா?"

"இல்லடி."

"மரியாதைக்காக ஏதாவது அடக்கின, கொன்னுடுவேன்."

"இவனுக்கெல்லாம் என்னடி மரியாதை? வந்தா அவன் சட்டைலயே இருமிடுவேன்" என்றாள் ஏவ்ரில். ஆனால் இருமல் வரவில்லை.

பேரம் முடிந்ததும் அந்த ஆள் சாவியைக் கொண்டுபோய்க் கிளிஃப் கையில் கொடுத்தான். இவ்வளவும் கண்ணால் பார்த்த பிறகும்! நோரீன் வாயைத் திறப்பதற்குள் கிளிஃப் அதைச் சூடுபட்டவர்போல ஏவ்ரில் கைக்கு மாற்றினார். ஏவ்ரில் முன்சீட்டில் ஏறி, எந்திரத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, சாவியைத் தங்கையிடம் நீட்டினாள்.

"ஓட்டு நோரி. உன் மூஞ்சியப் பாக்கணும்."