பின் இருக்கை

மாலை 4.10. கால்வாயோரம் மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. கனடாவின் ஸ்காபரோவிலிருந்து நெதர்லாந்துக்கு விடுமுறைக்குப் போன நானும் மனைவியும், இருவர் மிதிக்கும் வாடகைச் சைக்கிளில் ஐந்தாம் நாளாக எதிர்க்காற்றில் போய்க்கொண்டிருந்தோம். தங்குமிடத்துக்கு இன்னும் பதினெட்டுக் கிலோமீட்டர் இருந்தது.

“நீர் மிதிக்கிறீரோ, சும்மா இருக்கிறீரோ?” என்றேன். காலையிலிருந்து நான்காவது தடவை. ஊரில் காரை எப்போதும் நான்தான் ஓட்டுவேன்; அவள் பக்கத்தில் இருப்பாள்.

“மிதிக்கிறன் அப்பா,” என்றாள் மனைவி, பின் இருக்கையிலிருந்து.

“இறங்கி நடவும். பாரமாவது குறையட்டும்.”

அவள் இறங்கினாள். நான் தனியே மிதித்தேன். அடுத்த பாலம்வரைகூடப் போக முடியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாளும் பாதிக்குமேல் மிதித்தவள் அவள்தான்.

நடந்து வந்து சேர்ந்தவள் கேட்டாள்: “என்னப்பா, பாரம் குறைஞ்சிட்டுதோ?”

முன் கைப்பிடியை அவளிடம் கொடுத்தேன். பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

மீதித் தூரம் முழுவதும் அவள்தான் முன்னால் இருந்து ஓட்டினாள்.