தலையணை மாஸ்டர்

வண்டியில் ஏறியதும் மாஸ்டர் கண்ணாடியைப் பார்க்க மாட்டார். தட்டையான சின்னத் தலையணை ஒன்றை வயிற்றின் மேல் வைத்து, அதன் மேல் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டுவார். பிறகுதான், "ம், போலாம். வண்டிய ஓட்டு, என்னைக் குலுக்காத" என்பார்.

நாங்கள் கார் ஓட்டக் கற்கும் பயிற்சிப் பள்ளியில் அவருக்குத் தலையணை மாஸ்டர் என்றே பெயர். கைகால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். தொப்பை என்று நினைத்து நடக்கச் சொல்பவர்களிடம், "தொப்பை இல்ல சார், ரெண்டு கிட்னியும் குடும்பத்தோட குடியிருக்கு" என்பார். இரண்டு சிறுநீரகத்திலும் திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கட்டிகள். அவருடைய அப்பாவுக்கும் இருந்தது. பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். பலமாக ஒரு குலுக்கல் போதும், கட்டி உடைந்து ரத்தம் கசியும்.

அவருக்கு டயாலிசிஸ் இருக்கும் நாட்களில் எங்கள் பாடம் டயாலிசிஸ் மையத்தின் வாசலில்தான் முடியும். "ஒழுங்கா ரிவர்ஸ் போட்டு நிறுத்து. நான் படுத்துக்கிட்டே யோசிச்சு மார்க் போடறேன்."

அவருடைய ஒரே மகளும் எங்களோடு கற்றாள். ஸ்கேன் எடுத்துப் பாரம்மா என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "தெரிஞ்சு என்னப்பா பண்ணப் போறோம்? தெரியாத வரைக்கும் நிம்மதி" என்பாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன வாரம் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. அவள் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தாள். மாஸ்டர் விலாவைப் பிடித்துக்கொண்டு, "நாய் பொழைச்சுதில்ல? நீ பாஸ்!" என்று சிரித்தார்.

மறுநாள் டயாலிசிஸுக்கு மகளும் வந்தாள். தலையணையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தொடங்குமுன் நர்ஸ் வழக்கம்போலக் கேட்டார்: "ரத்தம் கித்தம் ஏதாவது போச்சா?"

"அதெல்லாம் இல்ல சிஸ்டர்."

"பொய் சொல்றார் சிஸ்டர்" என்றாள் மகள். "காலையில பாத்ரூம்ல சிவப்பா இருந்துச்சு. நான் பார்த்தேன்."

மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. "உன்னாலதான்னு நெனச்சுப்பியேன்னுதான்ம்மா..."

நர்ஸ் கையிலிருந்த மருந்தைத் தட்டில் வைத்துவிட்டார். குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்து அது. கசிகிற கட்டியை இன்னும் கசிய வைக்கும். டாக்டரிடம் பேசிவிட்டு வந்து, அது இல்லாமலே மெஷினை ஓட்டினார். அவ்வப்போது உப்புநீர் விட்டுக் குழாயை அலசினார்.

"நல்ல வேளை சொன்னே" என்றார் மகளிடம். "தெரியாமப் போயிருந்தா நானே உங்கப்பாவுக்குக் கெடுதல் பண்ணியிருப்பேன்."

அவள் வெகுநேரம் சிவந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எனக்கும் இருக்குன்னு தெரிஞ்சா?"

"பிரஷரை இப்பவே அடக்கி வைக்கலாம். மருந்தும் இருக்கு. உங்கப்பாவுக்குத் தெரியறதுக்குள்ள பாதி கிட்னி போயிருச்சு. உனக்கு டைம் இருக்கு."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தார். இமைகள் மட்டும் துடித்தன.

நேற்று அப்பாவும் மகளுமாக வண்டியை ஸ்கேன் மையத்துக்கு விடச் சொன்னார்கள். ஸ்கேனுக்கு முன் அவள் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். டயாலிசிஸில் இருக்கும் மாஸ்டருக்கோ தாகத்துக்குக்கூட அளந்துதான் தண்ணீர். பாதி பாட்டிலில் மகள் நிறுத்தினாள். "போதும்ப்பா. பயமா இருக்கு."

"பயந்துக்கிட்டே குடி. எனக்கும் சேத்துக் குடி."

அவள் மறுபடி வாயில் வைத்ததும், பாட்டிலின் அடியில் ஒரு விரலைக் கொடுத்து, மெல்ல உயர்த்திப் பிடித்தார்.