கரடிக்கல் கோட்டையின் தாகக்குழி

ஞாயிறு காலை ஆறரைக்கு ஓசூரில் ராயக்கோட்டைப் பேருந்தில் ஏறினேன். முந்தின இரவு தூக்கமே பிடிக்கவில்லை. கரடிக்கல் கோட்டையைப் பார்க்கப் போகிறேன் என்ற பரபரப்பு. சானமாவு காட்டுப் பகுதியில் யானை நடமாட்டம் என்று வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். யானை கண்ணில் படவில்லை.

எட்டு மணிக்கு மலையடிவாரத்தில் இசக்கியும் அவன் மனைவி ரேணுகாவும் காத்திருந்தார்கள். இசக்கி என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன், திருநெல்வேலிக்காரன். ரேணுகாவுக்கு இதுதான் ஊர், வீட்டில் தெலுங்கு. கல்யாணமானதிலிருந்து மாமியார் வீட்டில்தான் இருக்கிறான். ஓசூரில் வாடகைக்கு வீடு பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவள் அசையவில்லை.

"பந்தயம் கட்டியிருக்கோம் அண்ணா," என்றாள் ரேணுகா. "இவரு தாகக்குழியில இறங்கித் தண்ணி விட்டுட்டா ஓசூருக்கு வரேன். நாலு தடவ வந்துட்டு குழி வாசலோட திரும்பின ஆளு. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். எங்க ஊர்ல வீட்டோட மாப்பிள்ளைன்னு சிரிக்கதுக்கு இது தேவல," என்றான் இசக்கி.

செங்குத்தான ஏற்றம். முதல் வாசலைத் தாண்டியதும் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. ஒரு பக்கம் மாந்தோப்புகள், மறுபக்கம் வெகு தொலைவில் ஓசூர்ப் புகைபோக்கிகள். சுவரின் பெருங்கற்களுக்கு நடுவே சுண்ணாம்புப் பூச்சே இல்லை. விரல் நுனிகூட நுழையவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்று தொட்டுப் பார்த்தேன்.

உச்சியில் பாறைக்கு அடியில் இருண்ட வாய் ஒன்று. அதுதான் தாகக்குழி. முற்றுகைக் காலத்தில் பிடிபட்ட சிப்பாய்கள் ஏழு பேரை உள்ளே அடைத்துத் தண்ணீர் கொடுக்காமலே கொன்றார்களாம். பக்கத்திலேயே சுனை. குடத்தைச் சாய்த்து வெளியே ஊற்றும் சத்தத்தை அவர்கள் கேட்க வேண்டும் என்பது தண்டனை. கடைசி ஆள் பாறை ஈரத்தில் நாக்கை வைத்தபடியே இறந்து கிடந்தானாம். ஏட்டில் உண்டா என்று தெரியாது. ஊர் இப்படிச் சொல்கிறது என்றாள் ரேணுகா. மேலே வருகிறவர்கள் குழிக்குள் ஒரு கை தண்ணீர் விட்டுவிட்டுத்தான் தாங்கள் குடிக்கிறார்கள்.

சுனை வற்றிக் கிடந்தது. எங்களிடம் இருந்தது இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றுதான். இசக்கி அதை வாங்கிக்கொண்டு குனிந்தான். குழிவாயில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தான். "போகலன்னா வாங்க மாப்ள, அம்மா களி கிண்டி வெச்சிருக்கும்," என்றாள் ரேணுகா. அவன் உள்ளே நுழைந்தான்.

வெகுநேரமாகியும் அவன் வெளியே வரவில்லை. ரேணுகாவின் சிரிப்பு நின்றது. "ஏங்க," என்று கூப்பிட்டாள். குழிவாயில் மண்டியிட்டு மறுபடி கூப்பிட்டாள். இசக்கி தவழ்ந்து வந்தான், முழங்காலெல்லாம் மண். பாட்டில் காலி.

"முழுசையும் ஊத்திட்டியா!"

"ஏழு பேருன்னு சொன்னேல்லா. ஒரு கைத் தண்ணி எப்படிட்டி காணும், பத்தாதுல்லா?"

"எல்லாருக்கும் சேத்து ஒரு கைதான்யா! இப்ப நாம என்னத்தக் குடிக்கறது?"

நல்ல வெயிலில் நாக்கு ஒட்ட இறங்கினோம். மாந்தோப்பு மோட்டாரில் முகம் கழுவிக் குடித்த பிறகுதான் ரேணுகா வாயைத் திறந்தாள்.

"வரேன். ஆனா ஓசூர்ல தண்ணி லாரி வந்தா குடம் தூக்கி நிக்கறது நீதான்."

"நிக்கேன்," என்றான் இசக்கி.

எங்கள் தெருவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. அதைச் சொன்னேன். லாரி எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது என்பதையும் பேருந்து ஏறுவதற்குள் இருவரிடமும் சொல்லிவிட்டேன்.