மனைவியின் கம்ப்யூட்டரில் கை வைத்தேன்

நாங்கள் கேளம்பாக்கத்துக்குக் குடிவந்த புதிது. பென் டிரைவ் அப்போதுதான் பரவலாகிக்கொண்டிருந்தது. நான் ஐ.டி. ஊழியன்; என் மனைவி சுமதி, திருப்போரூரில் தமிழ் ஆசிரியை.

பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகளை நம்பவே கூடாது என்று வீட்டில் ஓயாமல் பேசுவேன். ஒரு ஞாயிறன்று அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, அவளுடைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத லினக்ஸைப் போட்டேன். முழு டிஸ்க்கையும் அழிக்கலாமா என்று அது கேட்டது. யோசிக்காமல் சரி என்று அழுத்தினேன்.

முடிந்த பிறகுதான் உறைத்தது. ஒரு மாதமாக அவள் டைப் செய்த பரீட்சைக் கேள்வித்தாள்கள் அத்தனையும் போய்விட்டன. மறுநாள் அச்சுக்குக் கொடுக்க வேண்டியவை.

வீடு திரும்பியவளிடம் மறைக்காமல் சொன்னேன். "இன்னா வேல பண்ணிகீறீங்க!" என்று முறைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினாள்.

"எல்லாம் இதுல கீது. யாரையும் நம்பாதேன்னு நீங்கதானே சொல்லிகினு கீறீங்க? அதான், உங்களையும் நம்பல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

கம்பெனிகள் மீது எனக்குள்ள சந்தேகம் இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாருடைய கம்ப்யூட்டராக இருந்தாலும், அவரிடம் கேட்டு, எல்லாவற்றையும் நகலெடுத்த பிறகுதான் தொடுகிறேன். அன்றே சுமதிக்கு விண்டோஸைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன்; சில வருஷம் கழித்து அவளும் லினக்ஸுக்கு மாறிவிட்டாள். இந்த முறை அதை அவளே போட்டுக்கொண்டாள். முடியும்வரை என்னைப் பக்கத்தில் விடவில்லை.