வேன் வராத வீடு

முதலில் ரவிக்கைதான் தளர்ந்தது. இரண்டு முறை பக்கத் தையலைப் பிடித்துக் கொடுத்த தையல்காரர் மூன்றாம் முறை, "என்ன மேடம், டயட்டா?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாலையானால் உடம்பு கதகதவென்று இருந்ததையும் மூன்று வாரமாக விடாத இருமலையும் சாக்பீஸ் தூளின் தலையில் போட்டுவிட்டேன்.

நான் மைசூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. என் கணவர் செல்வராஜ் நடமாடும் மருத்துவ வேனில் செவிலியர். நடைபாதையிலும் பாலத்தடியிலும் கிடப்பவர்களைத் தேடிப்போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுவார்; காசநோய் இருக்கிறதா என்று சளி எடுப்பார்; நோய் இருப்பவர்கள் அன்றைய மாத்திரையை விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நல்ல வேலை. யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த நல்ல மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.

வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால் மாதம்மாதான். சந்தைக்குப் பின்னால் நடைபாதையில் இருந்த, காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவந்த, கொள்ளேகால் பக்கத்து அம்மா. "மாதம்மா இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க ஸ்டெல்லா." "மாதம்மா ஒரு கிலோ ஏறிட்டாங்க, கொத்தா, தெரியுமா?" அந்த நாட்களில் நான் நான்கு கிலோ இறங்கியிருந்தேன். சோற்றைப் பிசைந்தபடி இருமிக்கொண்டே இதையெல்லாம் கேட்பேன். எனக்கு வயிறெரியும்.

ஒருநாள் அலமாரியில் என் அம்மா கொடுத்த கம்பளியைக் காணோம்.

"மாதம்மாவுக்குக் குளிருதுன்னாங்க. நமக்கு வேற இருக்கல்ல?" என்றார்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த அம்மாவிடம் என்று பார்க்க, சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும் நேராகச் சந்தைக்குப் போனேன். கம்பளியை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன். ஐம்பது வயதிருக்கும், குச்சி போன்ற கைகள். சண்டை போடத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்ததும் இருமல் வந்துவிட்டது. குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

"எத்தன நாளா கண்ணு இது?" என்று கேட்டார் மாதம்மா.

"தூசி ஒத்துக்கல."

"தூசியா? எம்பட இருமலும் இப்பிடித்தான் இருந்துது. சாயங்காலமானா மேலு சுடுதா? ராத்திரி வேர்த்து ஊத்துதா? நடைபாதைக்கு வேன் வருது. உனக்கு ஆரு கண்ணு வர்றாங்க?"

நான் யாருடைய மனைவி என்று சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடைபாதையில் கிடக்கிறவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

வீட்டில் மூச்சு விடவில்லை. ரோஷம். இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு ரோஷம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பரிசோதனைக்குப் போங்கள். யாராவது கவனிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

திங்கட்கிழமை அவர் பாதி வேலையில் வீட்டுக்கு வந்து நின்றார். எனக்கு அரை நாள் விடுப்பு, காய்ச்சலோடு படுத்திருந்தேன். அவர் கையில் சளி எடுக்கும் டப்பா. மாதம்மா நடுத்தெருவில் வைத்துக் கேட்டுவிட்டாராம்: "ஊரு இருமலெல்லாம் உனக்குக் கேக்குது, உன்ற வூட்டு இருமல் கேக்கலியா?"

"எத்தனை நாளா ஸ்டெல்லா?"

"தினம் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடறீங்க. உங்களுக்கே தெரியல, எனக்கெப்படித் தெரியும்?"

அவர் முகம் செத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

நுரையீரல் காசநோய்தான். மாதம்மாவிடமிருந்து இவர் வழியாக வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்லவே முடியாது, தினமும் போகும் பஸ்ஸிலும் தொற்றலாம் என்றார். கணவருக்குச் சோதித்ததில் நோய் இல்லை. பழியை இறக்கிவைக்க எனக்கு ஓர் இடம் கிடைக்காமல் போயிற்று.

ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு மூன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பயப்பட வேண்டாம், மருந்தின் நிறம் அது. எனக்குக் குமட்டல் அதிகம். முழங்கால் வலித்தது. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் (அதன்பின் அதே மாத்திரை வேலை செய்யாது) என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

மாத்திரை விழுங்குவதைப் பார்க்கும் சிகிச்சைத் துணையாக (தினமும் கூட இருந்து கண்காணிப்பவர்) என் கணவர் பெயரையே கொடுத்தேன். காலை ஏழு மணிக்குத் தண்ணீரோடு எதிரே உட்காருவார். "வாயைத் திற" என்பார். "ராத்திரி தூங்கினியா?" என்பார். மாதந்தோறும் எடை பார்த்து, "ஒரு கிலோ ஏறிட்டே!" என்று கத்துவார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நான் அப்படிக் கவனிக்கப்பட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குமட்டலுக்காகக் காத்திருந்தேன்.

மாதம்மா எனக்கு முன்பே சிகிச்சையை முடித்துவிட்டார். அதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஆறாவது மாத முடிவில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். மறுநாள் ஏழு மணிக்கு உடம்பு தானாக எழுந்துகொண்டது. கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. அந்த நேரம் என் தொண்டைக்குள் குடியேறியிருந்தது. சமையலறையில் போய் உட்கார்ந்தேன். அவர் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பாலத்தடியில் புதிதாக ஒருவர், ரத்தமாகத் துப்புகிறாராம்.

போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த நோயாளி ஸ்டெல்லாவைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. அவளுக்கு எல்லாம் இருந்தது.

"ஏங்க, எனக்கு ஒண்ணுமில்லாதப்பவும் என்னைக் கொஞ்சம் பாருங்களேன்," என்றேன்.

"அங்க அவங்களுக்கு யாருமே இல்ல ஸ்டெல்லா."

"எனக்கும் உங்களை விட்டா யாரும் இல்ல."

தெருமுனையில் வேன் ஹார்ன் அடித்தது. அவர் போனை எடுத்து டிரைவரிடம், "ஐது நிமிஷ, பர்தினி" என்றார். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று. ஷூவோடு உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தார். என் கை பழக்கத்தில் மேசைமேல் விரிந்து கிடந்தது. அதில் வைக்க மாத்திரை இல்லை. அவர் தன் கையை வைத்தார்.

மறுபடி ஹார்ன் கேட்டது. அவர் எழவில்லை. நோயில்லாமல் எனக்குக் கிடைத்த முதல் ஐந்து நிமிடம் அது.