நாற்பது சென்சாரும் ஒரு மிஸ்டு காலும்

2008-இல் நான் ம்யூனிக்கிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு அலறியடித்து வந்தேன். இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் என் கம்பெனி பொருத்திய நாற்பது கம்பியில்லா சென்சார்களும் பதினேழே நாளில் பேட்டரி தீர்ந்து கிடந்தன. இரண்டு வருஷம் ஓடும் என்று விளம்பரத் தாளில் எழுதியவன் நான்தான். இரண்டு மொழியில் படித்தவன் என்பதால் தமிழிலும் எழுதியிருந்தேன், இங்கிலீஷிலும் எழுதியிருந்தேன்.

சஹாபுதீன் பாயை முதலில் ஏணி மேல்தான் பார்த்தேன். பழவேற்காட்டுக்காரர். அண்ணன் தம்பிகள் கருவாட்டு வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் ஐடிஐ படித்துவிட்டு இருபத்திரண்டு வருஷமாக இங்கே எலக்ட்ரீஷியன். தலைக்கு மேல் ஓடும் தண்ணீர்க் குழாய்களின் சூட்டை ஷிஃப்டுக்கு மூன்று முறை ஏறிப் பார்த்துக் குறித்ததில் வலது முட்டி போய்விட்டது. இனி சென்சாரே சொல்லும், ஏற வேண்டாம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம்.

"இன்னா சார், உங்க சென்சாரு வந்தா என் முட்டி பொழைச்சிக்கும்னு பாத்தேன். இப்ப அதுங்களுக்கு நாஷ்டா குடுக்க ஏறிக்கினுகீறேன்."

மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம் என்றார் மேனேஜர். கழற்றினால் பாய்க்குப் பழையபடி ஏணிதான்.

மூன்று நாள் பேட்டரியைத் திட்டினேன், பிறகு வெயிலைத் திட்டினேன். நாலாம் நாள் கேன்டீனில், சாப்பிட உட்கார்ந்துவிட்டதாக மனைவி ஸ்ரீப்ரியாவுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். 'சரி' என்று பதில் வரவில்லை. செல்லையே பார்த்திருந்துவிட்டு மறுபடி அனுப்பினேன்.

"காலைலேர்ந்து இது ஒம்போதாவது" என்றார் பாய். "உங்க செல்லு சாயங்காலம் வரைக்கும் தாங்குதா?"

"தாங்காது பாய். உங்களுது?"

"வெள்ளிக்கெழம சார்ஜ் போட்டது. இன்னிக்கு செவ்வாய்."

"வீட்டுக்குப் பேச மாட்டீங்களா?"

"டேசன்ல எறங்கனதும் என் சம்சாரம் மெஹர்னிசாவுக்கு ஒரு மிஸ்டு கால். ஆளு உசுரோட போய்ச் சேந்துட்டான்னு அர்த்தம். அது எடுக்காது. அப்பால எதுனா ஆனாதான் ஃபோனு. ஒண்ணும் ஆவலன்னா இன்னாத்துக்கு சார் பேசணும்?"

தட்டைத் தள்ளிவைத்தேன். என் சென்சார் பத்து விநாடிக்கு ஒருமுறை, மாறாத அதே சூட்டைச் சொல்லும். 'சரி' வரும்வரை காதைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். வராவிட்டால் மறுபடி சொல்லும். சொல்வதற்கு ஆகும் மின்சாரத்தைவிடக் காத்திருப்பதற்குத்தான் அதிகம் போனது. அந்த புரோகிராமை எழுதியது நான். உலகத்துக்கு என்னைப்போல் ஓர் ஆளே அதிகம். நாற்பது பேரைச் செய்து குழாயில் கட்டியிருந்தேன்.

மாற்றி எழுதினேன். காலை ஆறு மணிக்கு ஒரு சேதி, உயிரோடிருப்பதற்கு அடையாளமாக. அதற்குப் பதில் வேண்டாம். சூடு இரண்டு டிகிரி ஏறினால் மட்டும் பேச்சு. மற்ற நேரம் தூக்கம். கணக்கு இரண்டு வருஷத்தைத் தாண்டியது. நான் நம்பவில்லை, மேனேஜர் பாதி நம்பி மூன்று மாதத் தவணை கொடுத்தார்.

"மூணு மாசம் நான் ஏறலன்னா உங்களுக்கு ஒரு மிஸ்டு கால்" என்று பாய் வழியனுப்பினார்.

ம்யூனிக்கில் ஒரு மீட்டிங் நடுவே அது வந்தது. வெளியே ஓடிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டேன்.

"பாய், என்னாச்சு? எத்தனை நின்னுபோச்சு?"

"ஒண்ணும் ஆவல சார். மூணு மாசம் ஆயிடுச்சி, அதான்."

"ஏணி?"

"பெயிண்டருங்க எடுத்துக்கினு போய்ட்டாங்க. சார், மிஸ்டு காலுக்கெல்லாம் திருப்பிக் கூப்புடக் கூடாது. வைங்க."

வைத்தேன். உடனே ஸ்ரீப்ரியாவைக் கூப்பிட்டு, வைத்துவிட்டேன் என்று சொன்னேன்.