தபித்தாளுக்கு வாசித்த ஓலை

தபித்தாக்காவின் வலது கைக் கட்டைவிரல் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அதை ஆள்காட்டி விரலின் நுனியில் வைத்து, இல்லாத ஒரு நூலை முறுக்குவதுபோல மேல்நோக்கி ஒருமுறை உருட்டுவார். உடனே விரல்களைப் பிரித்துவிடுவார். சற்று நேரம் கழித்து மறுபடியும் உருட்டுவார். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் பிரசங்கம் நீளும்போதும் டீக்கு வரிசையில் நிற்கும்போதும் இது நடக்கும். செய்வது அவருக்கே தெரியாது. பதினாலு வயதில் நூல் மில்லில் சைடராகச் சேர்ந்தவர். சுற்றும் கதிர்களுக்கு நடுவே நடந்துகொண்டே, அறுந்துபோன இழையைப் பிடித்து ஒட்டுகிற வேலை. இருபத்திரண்டு வருடம் செய்தார். பிறகு மில்லை மூடிவிட்டார்கள். விரலுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

மில் போனபின் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வந்தார். டியூப் லைட் எரியும் மேசை முன்னால் நாள் முழுக்க நின்று, தைத்து வரும் பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் செக்கிங் வேலை. நான் அதே கம்பெனி ஆபீஸில் பேக்கிங் லிஸ்ட் டைப் அடிப்பவன். இருவருக்கும் சர்ச்சும் ஒன்று. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், சபையின் பதிவேடுகளையும் சான்றுகளையும் பாஸ்டர் என்னைத்தான் எழுதச் சொல்வார். வாய் திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்கும் பிடித்திருந்தது.

2004-இல் அவருக்கு நாற்பது வயது. அனுப்பர்பாளையத்தில் தம்பி அருள்குமாரின் வீட்டில் இருந்தார். வரன் பார்ப்பதை எல்லோரும் நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த வருடம் ஜூலையில் வெள்ளகோவிலிலிருந்து தங்கதுரை என்பவர் வந்து பார்த்தார். விசைத்தறிக்கூடத்தில் வேலை. மனைவி இறந்து மூன்று வருடம், பிள்ளைகள் இல்லை. மறுநாள் செக்கிங் மேசையில் இருந்த பெண்கள் விடவில்லை. மாப்பிள்ளைக்குத் தலையில் முடி இருக்கிறதா, டோபாவா, இழுத்துப் பார்த்தீர்களா என்று ஒரே கேலி. தபித்தாக்கா பனியனிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். டீ நேரத்தில் என்னிடம் மட்டும் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு கண்ணு. நாளெல்லாம் நின்னுக்கிட்டே இருக்கீங்களே, காலு வலிக்காதுங்களான்னு."

டம்ளரில் மீதியிருந்த டீயைக் குடித்து முடித்தார்.

"இருபத்தாறு வருசத்துல அதை யாரும் கேக்கலை."

அவருக்கு இந்தக் கல்யாணம் எவ்வளவு வேண்டும் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாஸ்டர் எல்லோர் முன்னாலும் அறிவிப்பார். மூன்று முறை வாசித்து முடித்ததும் பெண்ணின் சபை ஒரு சான்று எழுதி மாப்பிள்ளையின் சபைக்குக் கொடுக்கும். வெள்ளைக்காரர் காலத்துப் படிவத்தையே இன்னும் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். பெயர், வயது, தொழில், தகப்பன் பெயர் எல்லாவற்றுக்கும் கட்டங்கள். கடைசிக் கட்டம் 'நிலை'. ஆணுக்கு பேச்சலர் அல்லது விடோயர். பெண்ணுக்கு ஸ்பின்ஸ்டர் அல்லது விடோ.

முதல் ஓலை வாசித்த ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் தபித்தாக்கா என் மேசைக்கு வந்தார். ஓலைப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேராக நான் எழுதியிருந்த 'ஸ்பின்ஸ்டர்' மேல் விரல் வைத்து, என்ன அர்த்தம் என்று கேட்டார். அந்தச் சொல்லை நான் வழக்கமாக எழுதுவேனே தவிர யோசித்ததில்லை. ஆனாலும் முதல் பாதி கம்பெனியில் தினமும் புழங்குகிற சொல்தானே. ஸ்பின்னிங் என்றால் நூற்பது.

"நூல் நூக்கறவங்கன்னு அர்த்தமுங்கக்கா."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளைக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். மனைவியை இழந்தவர் என்று சொன்னேன்.

"பாவம், அவருக்கு இல்லாததை எழுதியிருக்காங்க. எனக்குக் கையில இருக்கறதை எழுதியிருக்காங்க."

ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் செக்கிங் மேசை முழுக்க அதே பேச்சு. சீமையில் நூல் மில் பெண்ணுக்குத் தனிப் பேரே உண்டு, கல்யாணப் புத்தகத்திலேயே போடுவார்கள், உங்களைப் போல் செக்கருக்கெல்லாம் கிடையாது என்று மற்றவர்களைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எல்லாப் பெண்ணுக்கும் அதையேதானே எழுதியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியை எடுத்தேன். நான் சொன்னது பொய்யில்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டர்' என்ற விகுதி ஒரு வேலையைச் செய்யும் பெண்ணைக் குறித்திருக்கிறது. நெய்கிறவள் வெப்ஸ்டர், பீர் காய்ச்சுகிறவள் புரூஸ்டர், நூற்கிறவள் ஸ்பின்ஸ்டர். மற்ற இரண்டும் குடும்பப் பெயர்களாகி ஆண்களிடம் போய்விட்டன. இது மட்டும் பெண்ணோடு தங்கிவிட்டது. கல்யாணமாகாத பெண்கள் பலர் நூற்றுப் பிழைத்ததால், பதினேழாம் நூற்றாண்டில் சட்டக் காகிதங்களில் கல்யாணமாகாதவள் என்பதற்கே இதை எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். அதோடு நின்றிருக்கலாம். அடுத்த நூறு வருடத்தில், வயது கடந்தும் யாரும் கட்டிக்கொள்ளாதவள் என்று ஆகிவிட்டது. அகராதி கொடுத்திருந்த உதாரண வாக்கியங்களில் அவள் சிடுசிடுத்தாள், அக்கம்பக்கத்துக்காரர்களை வேவு பார்த்தாள்.

நான் நவீன கவிதைகளைத் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. முதிர்கன்னி பற்றி எழுதாத ஆளே இல்லை என்று தோன்றும். சன்னல் கம்பி, ஒற்றை நரைமுடி, பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தட்டில் பலகாரம். நானும் ஒன்று எழுதி வைத்திருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து அதைக் கிழித்துப் போட்டேன். கூடவே, தபித்தாக்காவின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை இனி எழுதுவதில்லை என்றும் முடிவெடுத்தேன்.

மூன்றாம் ஓலை முடிந்த திங்கட்கிழமை சான்று எழுத உட்கார்ந்தேன். பெயர் எழுதினேன். வயது, தொழில், தகப்பன் பெயர் எழுதினேன். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்தேன். பாஸ்டர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கட்டுக் காகிதத்தோடு சேர்த்து இதிலும் கையெழுத்துப் போட்டார். அருள்குமார் அதை வெள்ளகோவிலில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சனிக்கிழமை தங்கதுரையின் அக்காவிடமிருந்து அருள்குமார் வீட்டுக்குப் போன் வந்தது. மாப்பிள்ளைக்கு விடோயர் என்று போட்டிருக்கிறது, பொண்ணுக்கு மட்டும் ஏன் எதுவும் போடவில்லை என்று கேட்டிருக்கிறார். நாற்பது வயது வரைக்கும் சும்மாவா இருந்திருப்பார்கள், ஏற்கெனவே ஒருத்தனைக் கட்டி, விட்டுவிட்டு வந்ததை மறைக்கத்தான் சபையே காலியாக விட்டிருக்கிறது என்றாராம். அருள்குமாருக்குக் கோபம். உங்கள் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டோம் என்று போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் தபித்தாக்கா ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நான்தான் எழுந்து போனேன்.

"அந்த வார்த்தையை எழுதலையா கண்ணு?"

"இல்லீங்கக்கா."

"மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ. அதற்கு வேறொரு அர்த்தமும் இருப்பதாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். என்ன அர்த்தம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பேக்கிங் பக்கம் யாரோ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருந்தா இருந்துட்டுப் போகுது. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. மணி அடித்ததும் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை பாஸ்டர் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. புதுப் படிவம் எடுத்து எல்லாக் கட்டங்களையும் தன் கையாலேயே நிரப்பினார். தவறு எங்களுடையது என்று தங்கதுரைக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதி, இரண்டையும் வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினார். பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்தது. பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் பாஸ்டர் மறுபடி எழுதினார். அதற்கும் வரவில்லை. கல்யாணம் குறித்திருந்த நாளில் தபித்தாக்கா கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தார். ஆனாலும் காலையில் வந்து மேசை முன்னால் நின்றுகொண்டார். கேலி பேசிய பெண்களில் ஒருத்தி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். அவர் உட்காரவில்லை.

அதன்பின் அவர் என்னிடம் பேசாமல் இருந்ததில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் ஆங்கிலப் பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன். இங்கிலாந்தில் கல்யாணப் பதிவேடுகளிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்களாம், இனி வெறும் சிங்கிள் என்றுதான் எழுதுவார்களாம். தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன்.

"அவங்களும் பொண்ணைக் கேட்டிருக்க மாட்டாங்க" என்றார். சிரித்தார். சிரிப்பின் முடிவில் இருமல் வந்தது.

அந்த இருமல் மில்லில் இருந்தபோதே இருந்ததுதான். பஞ்சுத் தூசி இத்தனை வருடம் நெஞ்சில் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். 2007 மழைக்காலத்தில் தபித்தாக்கா இறந்துபோனார். வெள்ளகோவிலுக்குச் சொல்லி அனுப்ப வேறு யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. செய்யவில்லை.

மறு வருடம் கம்பெனி வாட்ச்மேன் வீரண்ணன் கணக்கை முடித்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினார். டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது தபித்தாக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தம்மா செத்ததிலிருந்து மனதில் ஒன்று உறுத்துகிறது என்றார். நாலு வருடத்துக்கு முன் வெள்ளகோவிலிலிருந்து ஓர் ஆள் வந்து கேட்டில் நின்றாராம். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த ஒரு காகிதம். இதில் ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது, தபித்தாள் வந்து எதைச் சொன்னாலும் எழுதிக்கொண்டு போய்விடுகிறேன், எனக்கு வேறொன்றும் கேட்க வேண்டியதில்லை என்றாராம். ஷிப்மென்ட் நேரம். வேலையில் இருப்பவரை வெளியே கூப்பிட்டால் சூப்பர்வைசர் கத்துவார். அந்த ஆளோ ஒரு மணி நேரமாக நகரவில்லை. வந்தது என்றைக்கு என்று கேட்டேன். அந்த ஷிப்மென்டை வைத்து நாளை ஞாபகம் வைத்திருந்தார். தபித்தாக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.

"உள்ள போற மாதிரிப் போயி, கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பி வந்தேன் தம்பி. அந்த ஆளுகிட்ட, 'கேட்டேன், அந்தம்மா வர மாட்டேன்னுட்டாங்க'ன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்."